புரொப்பெல்லரைக் கழற்றி மாட்டுவதில் தொல்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

இன்போர்டு படகின் (எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை) புரொப்பெல்லரில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் நட்டையும், ஷாஃப்டிலும் புரொப்பெல்லரிலும் வெட்டிய பள்ளத்தில் (கீவே) நுழையும் கீ என்ற உலோகத் துண்டையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நட்டு நன்றாக இறுகிவிட்டதா, கீ உள்ளே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். ஆனால் எஞ்சின் கொடுக்கும் முறுக்கைத் தாங்கிப் பிடிப்பது டேப்பர். புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்டின் வால்பக்கம் கூம்பாகச் சரிகிறதே, அந்தப் பகுதியைத்தான் சொல்கிறேன். புரொப்பெல்லரின் நடுக்குடமான ஹப்பின் உட்துளையும் அதே சரிவில் கடைந்திருக்கும். இரண்டும் முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும்போது வரும் பிடிப்புதான் வேலை செய்கிறது. நட்டின் வேலை ஹப்பை அந்தக் கூம்பின் மேல் ஏற்றி அழுத்தி வைப்பது. கீ வெறும் காவல்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பலவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது தெரியும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் டேப்பரைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் மற்றவற்றுக்குப் போங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எஞ்சின் சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள், பேட்டரி ஸ்விட்சை அணையுங்கள், ஸ்டியரிங் பக்கத்தில் "கீழே ஆள் இருக்கிறார்" என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். படகு தண்ணீரிலேயே இருக்க, முங்கி வேலை செய்வதானால் இது இன்னும் முக்கியம். புரொப்பெல்லர் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நட்டு கழன்றது, புரொப்பெல்லர் அசையவே இல்லை

இது கோளாறே இல்லை. நன்றாகப் பொருந்திய டேப்பர் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். சிறிய, நடுத்தரப் படகுகளில் பெரும்பாலும் எஸ்.ஏ.இ. ஜே755 என்ற அமெரிக்கத் தரநிலையின் அளவுப்படி 1:16 சரிவு இருக்கும். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். சில படகுகளில் 1:10 சரிவும் உண்டு. இவ்வளவு மெல்லிய சரிவு ஒருமுறை கவ்விவிட்டால் தானாக விடாது.

நட்டை முழுவதும் கழற்றி எடுத்துவிடாதீர்கள். இரண்டு நட்டில் வெளிநட்டை எடுத்துவிட்டு, உள்நட்டைச் சில மரை மட்டும் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். ஹப்புக்கும் நட்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி போதும். டேப்பர் விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு புரொப்பெல்லர் பின்னால் பாயும். நட்டு இல்லாவிட்டால் அது உங்கள் காலில்தான் வந்து விழும்.

அடுத்து புல்லர், அதாவது ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவி. ஹப்புக்கு முன்னால் ஷாஃப்டைச் சுற்றி நுழையும் பிளவுள்ள கனமான தகடு, பின்னால் ஷாஃப்ட் முனையில் அழுத்தும் இன்னொரு தகடு, இரண்டையும் இணைக்கும் போல்ட்டுகள்: இந்த வகைதான் எனக்கு நம்பிக்கை. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் தகடு சாய்ந்து மரையைக் கடித்துவிடும். ஷாஃப்ட் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். மூன்று கால் புல்லர் வைத்திருந்தால் கால்கள் ஹப்பின் முன்முகத்தைப் பிடிக்க வேண்டும். பிளேடில் மாட்டி இழுத்தால் புரொப்பெல்லர் வரும், பிளேடு வளைந்துபோய் வரும்.

நன்றாக இழுவை ஏறியபிறகும் வரவில்லையா? விட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். பல நேரம் அந்த இழுவையிலேயே, யாரும் தொடாமலே விட்டுவிடும். வராவிட்டால் ஹப்பின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் பித்தளைச் சுத்தியலால் சுருக்கென்று ஒரு அடி. இந்த அடி ஹப்பில், குறுக்காக விழ வேண்டும். ஷாஃப்டின் முனையில் அடிக்கவே கூடாது. அந்த அடி நேராக ஷாஃப்ட் வழியே போய் கியர் பாக்ஸ் பேரிங்கில் இறங்கும், மரையும் காளான் மாதிரி விரியும்.

கடைசி வழி சூடு. வெண்கலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் சற்றே அதிகமாக விரியும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் ஷாஃப்டுக்குச் சூடு போய்ச் சேரும் முன் ஹப்பை வேகமாகவும் சுற்றிலும் சீராகவும் சூடாக்க வேண்டும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாக வேண்டும், அது போதும். நிறம் மாறும் அளவுக்குப் போனால் உலோகத்தையே கெடுத்துவிடுகிறீர்கள். முன்னால் உள்ள ஸ்ட்ரட் (படகின் அடியிலிருந்து இறங்கி ஷாஃப்டைத் தாங்கும் கை) பேரிங்கில் ரப்பர் இருக்கிறது, அதற்கு ஈரத்துணி சுற்றுங்கள். முன்பே துருநீக்கி எண்ணெய் அடித்திருந்தால் அதைத் துடைத்து எடுத்த பிறகுதான் சுடர் பக்கமே போக வேண்டும். ஃபைபர் படகின் அடிப்பகுதி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் சூட்டை மறந்துவிட்டு இன்னும் பெரிய புல்லரைத் தேடுவதே நல்லது.

புல்லர் தகடு நுழையவே இடமில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ஹப்புக்கும் ஸ்ட்ரட் பேரிங்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு ஷாஃப்ட் விட்டம் அளவு இடைவெளி இருப்பது வழக்கம். பேரிங்குக்குத் தண்ணீர் தாராளமாகப் போய்வர அது தேவை. அது இல்லாவிட்டால் பேரிங் நகர்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்டோ புரொப்பெல்லரோ முன்பு யாரோ மாற்றியதாக இருக்கலாம்.

எதிர்பாராத அளவு சுலபமாக வந்துவிட்டது

புல்லரை லேசாகத் தொட்டதும் கழன்று வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அந்தப் புரொப்பெல்லர் டேப்பரில் சரியாக உட்காராமலேயே ஓடியிருக்கிறது. துடைப்பதற்கு முன் டேப்பரை நன்றாகப் பாருங்கள். துடைத்துவிட்டால் சாட்சி அழிந்துவிடும்.

உலோகம் உலோகத்தோடு இறுகி இருந்த இடம் மங்கலான வெள்ளிப் பளபளப்போடு சுத்தமாக இருக்கும். தொடாத இடத்தில் உப்பும் பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். அசைந்து அசைந்து உராய்ந்த இடத்தில் கரும்பழுப்புக் கறை, விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். பளபளப்பு ஒரு முனையில் மட்டும் வளையமாக இருந்தால் ஹப்பின் சரிவும் ஷாஃப்டின் சரிவும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, எதிர்ப்பக்கம் கறை என்றால் கீ புரொப்பெல்லரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கீயைக் கையில் எடுத்துப் பக்கவாட்டைப் பாருங்கள். படி மாதிரி ஒரு வெட்டு விழுந்திருந்தால் டேப்பர் பிடிக்காமல் கீயே முறுக்கைச் சுமந்திருக்கிறது. புதுக் கீ போட வேண்டும். அத்தோடு நிறுத்தினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

அப்புறம் ஷாஃப்டில் கீவே முடியும் மூலை. டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முறுக்கால் வரும் விரிசல் அங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும், ஷாஃப்டுக்குச் சாய்வாக, 45 டிகிரியை ஒட்டி ஓடும். தேநீர் நிறத்தில் ஒரு மெல்லிய கசிவுக் கோடு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். காற்றோட்டமில்லாத இடுக்கில் தேங்கிய தண்ணீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் குழி குழியாகத் தின்னும். கண்ணுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் சிவப்புச் சாய ஊடுருவல் சோதனை செய்துவிடுங்கள். விரிசல் உறுதியானால் அந்த ஷாஃப்ட் முடிந்தது, வெல்டிங் வைத்து ஓட்டுகிற பேச்சே வேண்டாம்.

மாட்டியபின் உதறுகிறது, மாட்டுவதற்கு முன் இல்லை

அதிகம் பேர் திணறும் இடம் இதுதான். நியூட்ரலில் எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. கியர் போட்டு வேகம் ஏற்ற ஏற்ற தரையே நடுங்குகிறது. பிளேடு நேராகத்தான் இருக்கிறது, பட்டறையில் பாலன்ஸ் பார்த்துத்தான் கொடுத்தார்கள். பிறகு ஏன்?

கீ உயரமாக இருந்தாலோ, முன்முனை கீவேயின் வளைவில் ஏறியிருந்தாலோ, ஹப் டேப்பரில் முழுவதும் ஏறும் முன்பே கீயின் தலையில் முட்டி நின்றுவிடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுகிய மாதிரிதான் கைக்குத் தெரியும். ஆனால் புரொப்பெல்லர் ஒரு பக்கமாகத் தூக்கி, மையம் தப்பி உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு மார்க்கர் பேனா போதும்.

டேப்பரையும் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். கீ இல்லாமல் புரொப்பெல்லரை ஷாஃப்டில் ஏற்றி, கையால் அழுத்தித் தள்ளுங்கள். ஹப்பின் முன்முகம் எங்கே நிற்கிறதோ அங்கே ஷாஃப்டில் மெல்லிய கோடு போடுங்கள். இப்போது எடுத்துவிட்டு, கீயை வைத்து, அதே அழுத்தத்தோடு மறுபடி ஏற்றுங்கள். முன்முகம் அதே கோட்டைத் தொட வேண்டும். தொடாமல் பின்னால் நின்றால் கீ தடுக்கிறது. வேறு எந்த விளக்கமும் இதற்குக் கிடையாது.

இந்தக் கோட்டுச் சோதனை ஏன் இவ்வளவு நம்பகமானது என்றால், 1:16 சரிவு எந்தத் தவற்றையும் 16 மடங்காகப் பெரிதாக்கிக் காட்டும். டேப்பரில் விட்டத்துக்கு 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால், அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் கோட்டில் அது 1.6 மி.மீ. தூரமாக நிற்கும். அது யாருக்கும் தெரியும்.

தடுப்பது கீ என்று தெரிந்தால் கீயைத்தான் குறைக்க வேண்டும், ஹப்பை அல்ல. சமதளமான கண்ணாடியில் எமரி பேப்பரை வைத்து, கீயின் மேல்முகத்தை மட்டும் தேயுங்கள். மாட்டிய நிலையில் கீயின் தலைக்கும் ஹப்பின் கீவேக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு ஒன்று நுழைய வேண்டும். பக்கவாட்டை மட்டும் தொடாதீர்கள். அங்கே கீ இறுக்கமாக, கட்டைவிரலால் அழுத்தினால் போகிற அளவில் இருக்க வேண்டும். முன்முனையை உருட்டி, கீழ் விளிம்புகளை லேசாக மழுக்கிவிட்டால் கீவேயின் அடி மூலையில் முட்டாது. புரொப்பெல்லரை ஏற்றும்போது கீவே மேல்பக்கம் இருக்கும்படி ஷாஃப்டைத் திருப்பி வையுங்கள். கீ கீழே நழுவாது, ஹப் அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகிறதா என்றும் பார்க்கலாம்.

கோடு சரியாக வந்தும் உதறுகிறதா? அப்படியானால் டேப்பரின் தொடர்புப் பரப்பைப் பாருங்கள். மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயப் பசையை ஷாஃப்டில் மிக மெல்லிசாகத் தடவி, கீ இல்லாமல் புரொப்பெல்லரை ஏற்றி எடுங்கள். துளைக்குள் நீலம் எங்கெல்லாம் படிகிறதோ அங்கெல்லாம்தான் தொடுகிறது. முக்கால்வாசிப் பரப்பாவது, அதுவும் அகன்ற முனையில் சுற்றிலும் முழுதாக, படிந்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கீ இல்லாமல், அரைச்சுற்று அரைச்சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி, இடையிடையே தூக்கி இடம் மாற்றித் தேய்க்கலாம். கனமான புரொப்பெல்லர் என்றால் இரண்டு பேர் வேண்டும். எடை ஒரு பக்கம் தொங்கினால் துளை நீள்வட்டமாகிவிடும். முடிந்ததும் பேஸ்ட்டைத் துளி மீதமில்லாமல் கழுவி எடுங்கள். கீவே மூலைகளில் ஒளிந்துகொள்ளும், பல் தேய்க்கும் பிரஷ் கொண்டு எடுக்கலாம்.

தேய்க்கத் தேய்க்க ஹப் முன்னால் நகரும் என்பதை மறக்க வேண்டாம். ஷாஃப்டின் டேப்பர் முடியும் இடம் எப்போதும் ஹப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அது வெளியே எட்டிப் பார்த்தால் நட்டு ஹப்பை அழுத்தாமல் ஷாஃப்டின் தோளை அழுத்தும். இறுகிய மாதிரி இருக்கும், ஆனால் எதுவுமே இறுகியிருக்காது. வாஷர் அடுக்கி இதைச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. லேத்துப் பட்டறையில் சரியான தீர்வு கேளுங்கள்.

உதறல் முன்பிருந்தே உண்டு

புரொப்பெல்லரைக் கழற்றும் முன்பே, மாட்டிய நிலையில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கம்பித் துண்டை ஸ்ட்ரட்டிலோ சுக்கானிலோ கட்டி, ஒரு பிளேடின் நுனியை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வளையுங்கள். நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு பிளேடும் கம்பியை அதே தூரத்தில் கடக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்தப் பிளேடு வளைந்திருக்கிறது. அப்படியில்லாமல் விலகல் ஒரு பக்கம் கூடி எதிர்ப்பக்கம் குறைந்து சீராக மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், அல்லது ஹப் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். ஷாஃப்டா இல்லையா என்பதை சிறு விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்து ஷாஃப்டிலேயே அளந்து பிரித்தறியலாம்.

வளைந்த பிளேடை வீட்டில் அடித்து நிமிர்த்த வேண்டாம். கண்ணுக்கு நேராகத் தெரிவது பிட்ச் (வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) சரியானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பிளேடின் ஒவ்வொரு ஆரத்திலும் கோணம் வேறு. புரொப்பெல்லர் பட்டறையில் பிட்ச் அளக்கும் கருவியில் ஏற்றி, ஒவ்வொரு பிளேடையும் ஒவ்வொரு ஆரத்திலும் அளந்துதான் திருத்துவார்கள். ஐ.எஸ்.ஓ. 484 தரநிலையில் துல்லியத்தைப் பொறுத்து எஸ், 1, 2, 3 என்று நான்கு வகுப்புகள் உண்டு. எஸ் தான் மிகத் துல்லியமானது. வேகப் படகுக்கு எந்த வகுப்பில் திருத்தித் தருகிறார்கள் என்று கேளுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். முன்விளிம்பில் உள்ள சின்னக் கீறலை மட்டும் மெல்லிய அரத்தால் நீங்களே மழுக்கிக்கொள்ளலாம்.

பிளேடும் ஷாஃப்டும் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்ட்ரட் பேரிங். ஹப்புக்கு முன்னால் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், தண்ணீர்தான் அங்கே மசகு. டக் டக்கென்று தட்டும் அளவு ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங்கை மாற்றுவதோடு முடியாது, அலைன்மென்ட் தவறியிருக்கிறது.

அலைன்மென்ட்டை, அதாவது ஷாஃப்டும் கியர் பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை, இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் பார்க்க வேண்டும். படகு தண்ணீரில் இறங்கி, ஓரிரு நாள் அதன் இயல்பான வடிவத்துக்கு வந்தபிறகு பாருங்கள். கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் உடல் சற்று வளைந்திருக்கும், அங்கே எடுத்த அளவு பயன்படாது. போல்ட்டுகளை எடுத்து, இரண்டு முகங்களையும் தொடும் அளவுக்குக் கொண்டுவந்து, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் விடுங்கள். கப்ளிங் விட்டம் 100 மி.மீ. என்றால் இடைவெளிகளுக்குள் வித்தியாசம் 0.1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கயிறோ வலையோ ஒருமுறை புரொப்பெல்லரில் சுற்றி எஞ்சின் நின்றிருந்தால், எஞ்சின் மவுண்ட்டுகளையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

கியர் போடும்போது டங்கென்று சத்தம்

முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு அடி விழுகிற சத்தம். எஞ்சினை அணைத்துவிட்டு, படகு கரையில் இருக்கும்போது, ஒருவர் உள்ளே கப்ளிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் வெளியே பிளேடைப் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குங்கள். பிளேடு அசைந்து ஷாஃப்ட் அசையாவிட்டால் டேப்பர் விட்டுவிட்டது, கீயும் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் ஒரு பயணம்கூடப் போக வேண்டாம். ஷாஃப்டும் சேர்ந்து அசைந்து கப்ளிங் அசையாவிட்டால் கப்ளிங் பக்கத்துக் கீயோ போல்ட்டோ. எல்லாம் ஒன்றாகவே அசைந்தால் ஆட்டம் கியர் பாக்ஸுக்குள், அல்லது ஐட்லிங் வேகம் அதிகமாக வைத்திருக்கிறது.

எஞ்சின் முழு ஆர்.பி.எம்.முக்கு ஏறவில்லை, கரும்புகை வருகிறது

டீசல் எஞ்சின், படகில் வழக்கமான சுமை இருக்கும்போது, திராட்டிலை முழுவதும் தள்ளினால் அதன் மதிப்பிட்ட ஆர்.பி.எம்.மைத் தொட வேண்டும், சற்றுத் தாண்டினாலும் நல்லதே. தொடவில்லை என்றால் அதன் மேல் சுமை அதிகம். முதலில் படகின் அடியையும் பிளேடுகளையும் பாருங்கள். புரொப்பெல்லரில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிரி) ஒட்டியிருந்தாலே எஞ்சின் திணறும். மெல்லிய படலம் பிடித்திருந்தாலும் வித்தியாசம் தெரியும். சுரண்டப் பிளாஸ்டிக் கரண்டியும் நைலான் பேடும் போதும், துளைக்குள்ளும் டேப்பரிலும் உப்புத்தாள் போட வேண்டாம்.

சுத்தமாக இருந்தும் ஏறவில்லை, அதுவும் பட்டறைக்குப் போய் வந்தபிறகுதான் இப்படி என்றால், பிட்ச்சோ பின்விளிம்பின் வளைப்போ கூடிவிட்டிருக்கும். ஹப்பில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 22 × 24 என்றால் விட்டம் 22 அங்குலம், பிட்ச் 24 அங்குலம். முந்தைய திருத்தத்தில் பிட்ச்சை மாற்றிவிட்டுப் பழைய எண்ணை அப்படியே விட்டிருக்கவும் கூடும், அதனால்தான் அளவுத் தாள் கேட்கச் சொன்னேன். இதே நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் வெளியேறும் புகையின் சூடு கூடி, எஞ்சினின் ஆயுள் குறையும்.

எஞ்சின் ஏறுகிறது, படகு போகவில்லை

சின்னக் கணக்கு ஒன்று உதவும். எஞ்சின் ஆர்.பி.எம்.மைக் கியர் விகிதத்தால் வகுத்து, அங்குலத்தில் பிட்ச்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால், வழுக்கலே இல்லாவிட்டால் படகு போக வேண்டிய வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். எஞ்சின் 2800, விகிதம் 2:1, பிட்ச் 24 என்று வைத்துக்கொள்வோம். 1400 பெருக்கல் 24 என்றால் 33,600, அதை 1215ஆல் வகுத்தால் 27.7 நாட். ஜி.பி.எஸ். 22 நாட் காட்டினால் வழுக்கல் சுமார் 20 சதவீதம். இந்த எண்ணை எல்லாம் நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் அது 30, 35 என்று ஏறினால் எங்கோ பிடிப்பு போயிருக்கிறது என்று உடனே தெரியும்.

காரணங்கள்: பிளேடில் பிளாஸ்டிக் பை சுற்றியிருப்பது, கொட்டலசு, தேய்ந்துபோன பின்விளிம்பு, அல்லது முன்விளிம்பு அடிபட்டுக் குமிழிகள் உருவாவது. குமிழி தாக்கிய பிளேடில், பெரும்பாலும் முன்பக்க முகத்தில், ஊசியால் குத்தியது போலச் சொரசொரப்பான திட்டு இருக்கும். கியர் பாக்ஸ் கிளட்ச் வழுக்கினாலும் இதே அறிகுறிதான். அப்போது கியர் எண்ணெய் கருகிய வாடை அடிக்கும்.

முன்னால் போட்டால் பின்னால் போகிறது

இரட்டை எஞ்சின் படகில் இடமும் வலமும் மாறிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால், முன்னோக்கிப் போகும்போது வலஞ்சுழியாகச் சுற்றுவது வலக்கைப் புரொப்பெல்லர். வழக்கமாக அது வலப்பக்கத்து ஷாஃப்டில் இருக்கும். எழுத்து அழிந்துபோயிருந்தால் புரொப்பெல்லரைத் தரையில் படுக்க வைத்து, உங்கள் பக்கம் நீட்டியிருக்கும் பிளேடைப் பாருங்கள். இடப்புறம் தாழ்ந்து வலப்புறம் உயர்ந்தால் வலக்கை. கவிழ்த்துப் போட்டாலும் இது மாறாது. கழற்றும்போதே நட்டு, கீ, புரொப்பெல்லர் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். ஒரு டேப்பரில் தேய்த்துப் பொருத்திய ஹப் இன்னொன்றில் அதே மாதிரி உட்காராது.

பிளேடில் இளஞ்சிவப்புத் திட்டுகள்

மாங்கனீஸ் வெண்கலம் என்று சொல்லப்படும் உலோகத்தில் செம்புக்கு அடுத்து அதிகம் இருப்பது துத்தநாகம். மின்னரிப்பில் துத்தநாகம் கரைந்து வெளியேறினால் மஞ்சள் நிறம் போய்ச் செம்பின் இளஞ்சிவப்பு தெரியும். சுரண்டிப் பாருங்கள். மேலோட்டமாக இருந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் தப்பித்தீர்கள். புரொப்பெல்லரைத் தொங்கவிட்டுப் பிளேடைத் தட்டினால் நல்ல உலோகம் மணி போல நீண்டு ஒலிக்கும். பொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளுக்குள் பஞ்சு போலாகிவிட்டது, அடுத்த முறை எதிலாவது மோதினால் உடையும். நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

காரணம் பெரும்பாலும் அனோடு, அதாவது மற்ற உலோகத்தைக் காக்கத் தான் கரையும் உலோகக் கட்டி. கரைந்து தீர்ந்திருக்கும், அல்லது யாரோ அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் அழுக்கு இருந்து மின்தொடர்பே இல்லாமல் இருக்கும். கடல் நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், உப்பு குறைந்த கழிமுகத்துக்கு அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். மாட்டும் இடத்தை உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பாதிக்கு மேல் கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பாடுகிறது

அதிர்வு இல்லை, ஆனால் ஒரு குறுகிய ஆர்.பி.எம். எல்லைக்குள் கம்பியை மீட்டிய மாதிரி ஒரு ஒலி. பிளேடின் பின்விளிம்பிலிருந்து பிரியும் நீர்ச்சுழல்கள் பிளேடின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். பட்டறையில் பின்விளிம்பைச் சாய்வாகச் சீவிக் கூராக்கினால் போய்விடும்.

நட்டு திரும்பத் திரும்பத் தளர்கிறது

மாட்டும் வரிசை இதற்குப் பதில். முதலில் பெரிய நட்டை மட்டும் போட்டு, எஞ்சின் அல்லது ஷாஃப்ட் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கி, புரொப்பெல்லரை டேப்பரில் ஏற்றுங்கள். அது முன்பு போட்ட கோட்டைச் சற்றுத் தாண்டிப் போகும், அதுதான் சரி. பிறகு அந்த நட்டை எடுத்துவிட்டு, மெல்லிய நட்டை ஹப்போடு ஒட்டிப் போட்டு இறுக்குங்கள். அதன் மேல் பெரிய நட்டு, மெல்லியதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முழு இறுக்கம். பலர் இதை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டும் இறுகியபிறகு சுமையைத் தாங்குவது வெளியே உள்ள நட்டுதான், அதிக மரை உள்ள நட்டு அங்கேதான் இருக்க வேண்டும்.

டேப்பரில் கிரீஸ் தடவுவதா என்ற வாதம் பழையது. நான் தடவுவதில்லை. சுத்தமான, உலர்ந்த உலோகம் உலோகத்தைப் பிடிப்பதுதான் இங்கே முழு நோக்கமும். மரைக்கு மட்டும் லேசாகத் தடவலாம், கிராஃபைட் கலந்தது வேண்டாம், கடல் நீரில் அது அரிப்பைத் தூண்டும். இறுக்கும்போது பிளேடுக்கும் படகின் அடிக்கும் நடுவே மரக்கட்டை முட்டுக்கொடுப்பதானால், படகில் பலமான இடம் பார்த்து, துணி சுற்றி வையுங்கள்.

நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் நட்டைப் பின்னால் திருப்பாதீர்கள், முன்னால்தான் இறுக்க வேண்டும். பின் எப்போதும் புதிது, கடல் நீர் தாங்கும் ஸ்டெயின்லெஸ்.

வேலை முடிந்ததும் கிளாண்டில் தண்ணீர்

கிளாண்ட் என்பது ஷாஃப்ட் படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு. புல்லர் இழுத்தபோது ஷாஃப்ட் சற்று நகர்ந்திருக்கும். பாக்கிங் கிளாண்ட் என்றால் ஷாஃப்ட் சுற்றும்போது சில சொட்டுகள் வரலாம், அது தேவையும்கூட. ஒழுக்காக வந்தால் மட்டும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்குங்கள். கை வைத்தால் சுடும் அளவுக்கு இறுக்கினால் பாக்கிங் கருகி, ஷாஃப்டில் பள்ளம் விழும். சொட்டாத வகை சீல் என்றால் பெல்லோஸ் என்ற மடிப்பு ரப்பர் குழாயின் அழுத்தம் குறைந்திருக்கும். ஷாஃப்டில் மாட்டிய காலர் வளையத்தின் திருகுகளைத் தளர்த்தி, தயாரிப்பாளர் சொன்ன தூரத்துக்குத் தள்ளி மறுபடி பூட்டுங்கள். அந்தத் திருகுகளை மறுமுறை பயன்படுத்தாமல் புதிதாகப் போடுவது நல்லது. படகு தண்ணீரில் இறங்கியதும் பெல்லோஸைக் கையால் ஒருமுறை பின்னிழுத்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சீல் முகம் உலர்ந்து ஓடிக் கெடும்.

முதல் ஓட்டம் முடிந்து படகு நின்றதும் எஞ்சின் அறைக்குள் போய் கிளாண்டையும் கப்ளிங் போல்ட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். அடுத்து கரையேற்றும்போதோ, முங்கிப் பார்க்க ஆள் கிடைக்கும்போதோ, நட்டும் பின்னும் வைத்த இடத்தில் இருக்கின்றனவா, ஹப் கோட்டைத் தாண்டியே நிற்கிறதா என்று பாருங்கள்.